லைன் எடுத்தாச்சு

1

இந்தக் கதை என்னிடம் ஒரு ஜோக்காக வந்து சேர்ந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. கோல சிலாங்கூரில் கனி பாய் கடை. எதிரில் இஸ்கந்தர். கனி பாயின் கடைசி மகன். ரொட்டிக் கல்லின் சூட்டுக்குப் பயந்து, தொலைபேசிக் கம்பெனிக்குக் கார் ஓட்டப் போனவன். தே தாரிக் கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு காமெடி சொல்லவா? நீங்க கதையாவே எழுதிடலாம் லா" என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடித்தபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் நான்கு மாதமாக இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் பழகிய கை. முதல் பத்தியில் ஏதாவது விழ வேண்டும், உடைய வேண்டும், அலற வேண்டும் என்று அது தானாகவே அலைகிறது. பாருங்கள்:

முதல் தொடக்கம்: "டவரின் உச்சியில் ஓர் உருவம் அசைந்தது. அதன் கையில்..."

[வேண்டாம். டவரில் யாரும் ஏறவில்லை. ஏறத் தேவையும் இல்லை. கோலாலம்பூரில் நாற்காலியில் உட்கார்ந்து நாலு பொத்தானைத் தட்டினால் இங்கே டவர் தலை குனியும்.*]

இரண்டாம் தொடக்கம்: "புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு லெட்சுமி வீட்டுக் கைப்பேசி மூன்று முறை அலறி..."

[பொய். அலறவில்லை. அலறியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.]

மூன்றாவது தொடக்கத்தில் சர்மிளா வருகிறாள். விழுவதும் உடைவதும் அதில் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

* டவர் நிஜத்தில் குனிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் அலைதான் குனிகிறது. இஸ்கந்தர் இதை என்னிடம் இரண்டு முறை திருத்தினான்.

2

சர்மிளா யோகேந்திரனுக்கு வயது முப்பத்தொன்று. வீட்டில் ஆங்கிலம், கோயிலில் தமிழ், ஆபீசில் மலாய் என்று மூன்றையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் புழங்குகிற யாழ்ப்பாணக் குடும்பம். டவருக்கும் கைப்பேசிக்கும் இடையில் நடக்கிற பேச்சைச் சீர்ப்படுத்துவது அவள் வேலை. கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

அந்த வேலையை அவள் இஸ்கந்தருக்கு விளக்கியது காரில் வைத்து. நான் எழுதிப் பார்த்த விளக்கங்கள் எல்லாம் பாடப்புத்தகம் போல இருந்ததால் அவர்கள் பேச்சையே தருகிறேன்.

"உங்க வாப்பா கடை மாதிரித்தான் இஸ்கந்தர். கல்லாவில நிக்கிறவர்தான் டவர். பக்கத்து மேசைக்கு மெதுவா ஒருக்காச் சொன்னாலே கேக்கும். ரோட்டு ஓர மேசைக்குச் சத்தத்தில ஒண்டும் கேக்காது. அதே விஷயத்த ஒவ்வொரு சொல்லா, நாலு தரம் கத்தோணும். அவர் கத்தி முடிக்கிற மட்டும் மத்த மேசையெல்லாம் வெயிட் பண்ணோணும்."

"அதுக்கு எங்க வாப்பா என்னா செய்வாரு தெரியுமா மிஸ்? ரோட்டு ஓர மேசைய எடுத்துருவாரு."

"அலையக் கீழ சரிச்சு, தூரத்து மேசைய விடுறது. அதைத்தான் நாங்க டில்ட் எண்டு சொல்றம்."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். முன்னால் கண்ணாடிக்குக் கீழே நான்கு கைப்பேசிகள் வரிசையாக நின்று, போகிற வழியெல்லாம் சிக்னலை அளந்துகொண்டு வந்தன.

பிரச்சினை இதுதான். அசாம் ஜாவாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. நானூறு வீடுகள். ஆனால் அங்கிருக்கும் டவர், சுற்றிலும் செம்பனை மட்டுமே இருந்த காலத்தில் நட்டது. அதன் அலை அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பறந்து, நாலரை கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக்குள் போய் இறங்கியது. காலடியில் இருந்த நானூறு வீட்டுக்கும் மாலையானால் ஒரு வீடியோகூட முழுசாக ஓடாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புகார் போயிற்று. சர்மிளா வந்தாள்.

அலையை ஐந்து டிகிரி கீழே இறக்கினால் தாமானுக்கு வேகம் பத்து மடங்கு கூடும். தூரத்தில் இருக்கிறவர்கள் அறுந்துபோவார்கள். ஆகவே இறக்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: தூரத்தில் யாராவது இருக்கிறார்களா?

அவள் கணினியில் அந்தத் தூரத்திலிருந்து ஒன்றிரண்டு கைப்பேசிகள் புள்ளிகளாகத் தெரியத்தான் செய்தன. ரோட்டில் போகிற லோரிக்காரர்களாக இருக்கும் என்று நினைத்தாள். இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தாள். அதை அவள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வராமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு.

3

வாசலில் குறுக்குக் கட்டை. சங்கிலி. பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி கணேஸ்வரன். முப்பது வருடம் இதே தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆள் பிரித்து வேலை கொடுத்தவர். இப்போது கட்டையைத் தூக்கி இறக்குகிறார்.

"மேனேஜர் லெட்டர் இருக்கா மிஸி? லெட்டர் இல்லாம உள்ள விட மாட்டேன்."

"உள்ள போகத் தேவையில்ல அங்கிள். ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கோ. உள்ள லைன் இருக்கா?"

"லைனா?" கணேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "லைன்லாம் இப்ப ஏது மிஸி? எடுத்துட்டாங்க."

"எப்ப?"

"அது ஆச்சு அஞ்சு வருசம். ஒரே நாள்ல. தகரம், இரும்பு எல்லாத்தையும் லோரில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப ஒண்டுமே இல்லையா?"

"ஒரு கம்பிகூட விட்டு வைக்கல."

"ஒருத்தரும் கம்ப்ளெய்ன் பண்ணேல்லையா?"

"பண்ணாங்க, பண்ணாங்க. யாரு கேக்குறா? இப்ப பழகிப் போச்சு."

சர்மிளா தலையாட்டினாள். வேறு ஏதோ கம்பெனியின் பழைய டவர் ஒன்று உள்ளே நின்றிருக்கிறது, அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஐந்து வருடமாகவே அங்கே யாருக்கும் சிக்னல் இல்லை என்று புரிந்துகொண்டாள். அவள் முன்னால் இருந்த கைப்பேசி மைனஸ் நூற்றொன்பது காட்டியது. சிக்னல் அளவு எப்போதும் மைனஸ்தான். மைனஸ் எண்பது என்றால் வசதியான பேச்சு. நூற்றுப் பத்து வெறும் முனகல். நூற்று இருபத்தைந்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. வாசலிலேயே முனகல் என்றால் உள்ளே என்ன இருக்கப் போகிறது?

படிவத்தில் எழுதினாள்: தோட்டப் பகுதி, ஏற்கெனவே சேவை இல்லை. பாதிப்பு இல்லை.

கணேஸ்வரன் சொன்னது வேறு. நம் ஊரில் சிக்னலுக்கு லைன் என்றுதான் பெயர். 'லைன் இல்ல', 'லைன் வீக்கு' என்போம். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு லைன் என்றால் வரிசை வீடு; ஒரே தகரக் கூரைக்கடியில் பத்துக் குடும்பம். எழுதும்போது லயம் என்று எழுதுவார்கள், வாயில் வருவது லைன்தான். ஐந்து வருடத்துக்கு முன் அவர் கண்ணெதிரே இடித்து அள்ளியது அந்த வீடுகளை.

இதுதான் இஸ்கந்தர் சொன்ன ஜோக். காரைத் திருப்புகிறபோது அவன் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு லைனைப் பேசுகிறார்கள் என்பது அவனுக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்ததாம்.

4

[இந்தப் பகுதியை முழுக்க அடித்துவிட்டேன். ஆனால் என்ன அடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.]

காவலாளியை எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் இத்தனை பொருத்தமாகத் தப்புப் பதில் சொல்வாரா? ஆகவே ஒரு வரைவில் அவரை வில்லனாக்கினேன். நிலத்தை விற்கத் துடிக்கிற ஒரு முதலாளியைப் படைத்தேன். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று அவர் கணேஸ்வரனிடம் ஒரு தடித்த உறையை நீட்ட...

எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! பத்துப் பக்கம் குதிரை போல ஓடிற்று.

பிறகு நேரில் போய் அவரைப் பார்த்தேன். "அந்த மிஸி கேட்டுச்சு, நான் சொன்னேன். நான் சொன்னதுல எது தப்பு?" என்று கேட்டார். தப்பே இல்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பத்துப் பக்கத்தையும் கிழித்தேன். வில்லன் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

5

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு சர்மிளா தன் மேசையிலிருந்து அலையை ஐந்து டிகிரி இறக்கினாள். மூன்றரைக்குள் தாமானில் வேகம் நாலிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறியது. திரையில் சிவப்பாக இருந்த பகுதி பச்சையானது. ஆபீசில் அவள் தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்கு அன்று சந்தோஷம். வேலை தெரிந்தவர்களுக்கு வருகிற சுத்தமான சந்தோஷம். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் ஒரு காரணம். ஒன்றை இதுவரை மறைத்துவிட்டேன். அந்த நானூறு வீட்டில் ஒன்று என்னுடையது. "எழுதுறவர் இருக்கும்போது நாம ஏன் எழுதணும்?" என்று தாமான் குழுவில் எல்லாரும் கையைக் காட்ட, அந்தப் புகார்க் கடிதத்தை எழுதியவன் நான். உருக்கமாக எழுதினேன். பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் தனிமை, ஒன்றையும் விடவில்லை. என் எழுத்துகளில் வேறு எதற்கும் இத்தனை சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை.

இன்னொன்று. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை இஸ்கந்தர் அந்த ஜோக்கைச் சொன்னபோது நான் சிரித்தேன் அல்லவா? லைனை இடித்தால் ஆட்கள் ஆவியாகிப் போவதில்லை. பாதிப் பேர் டவுனுக்குப் போவார்கள். போக்கிடம் இல்லாத நாலைந்து குடும்பம் எங்காவது பின்பக்கம் பலகை வீட்டில் இருக்கும். என் சின்னம்மா குடும்பமே அப்படி இருந்தது. இஸ்கந்தர் கடைக்காரர் பிள்ளை, அவனுக்குத் தெரியாது. சர்மிளாவுக்கு நிச்சயம் தெரியாது. எனக்குத் தெரியும். "அந்த ஆளுங்கள்லாம் எங்கடா இருக்காங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், செவ்வாய்க்கிழமையே அவள் அலையைத் தூக்கியிருப்பாள்.

நான் இன்னொரு தே தாரிக் சொன்னேன்.

6

தோட்டத்துப் பின்பக்கம் நாலு பலகை வீடுகள். அதில் கடைசி வீடு லெட்சுமியுடையது. கணவன் முகுந்தனுக்கு நாற்பத்தாறு வயது. செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். ஒன்பது வருடமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி கோல சிலாங்கூரில் டயலிசிஸ். லெட்சுமி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவாள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவன் பெயர் பட்டியலில் இருந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பெயர் சேர்த்த அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினார்கள்: எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாது, கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும், உடனே கிளம்ப வேண்டும். அதனால் அந்த வீட்டில் கைப்பேசிக்கு ஓர் இடம் இருந்தது. சமையற்கட்டு ஜன்னலில் ஓர் ஆணி, அதில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கைப்பேசி. வீட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான் ஒரு கோடு லைன் வரும். யாரும் எடுத்து விளையாடக் கூடாது. பேசுவதானால் ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்துத்தான் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த ஒரு கோடும் போயிற்று.

"இடி விழுந்திருக்கும். ரெண்டு நாள்ல வந்துரும் லா" என்றான் முகுந்தன். முன்னாலும் அப்படி வந்திருக்கிறது.

அடுத்த புதன்கிழமையும் லைன் இல்லை. காலை பதினொன்று இருபதுக்கு ஆஸ்பத்திரி கூப்பிட்டது. பதினொன்றரைக்கு. பன்னிரண்டுக்கு. படிவத்தில் இருந்த இரண்டாவது எண் மகள் லோகேஸ்வரியுடையது. ரவாங் தொழிற்சாலையில் அவள் ஷிப்டில் இருந்தாள். கைப்பேசி பெட்டிக்குள் பூட்டியிருந்தது. அதே நேரத்தில் லெட்சுமி ஜன்னலோரம் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கைப்பேசிக்கும் அவள் முகத்துக்கும் ஒரு சாண்.

[இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஒரு சாண் போதும்.]

வியாழக்கிழமை காலை பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் கீச்சிட்டது. தவறிய அழைப்புகள். தெரியாத எண்ணே மூன்று தடவை. "எவனாச்சும் ஏதாச்சும் விக்கிறவனா இருக்கும்" என்று சொல்லி வண்டியை நிறுத்தாமல் போனாள்.

டயலிசிஸ் மையத்தில் நர்ஸ் பிரேமலா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நேத்து எங்க போயிட்டீங்க?"

"எங்க போறது? வீட்லதான் கெடந்தோம்."

"போன எங்க வச்சீங்க?"

"வைக்கிற எடத்துலதான்."

பிரேமலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் நர்ஸ் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்பது ஒன்பது வருடத்தில் லெட்சுமிக்குத் தெரியும்.

"கேஎல் ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்ட்டாங்கக்கா. கிட்னி வந்துச்சு. மூணு தடவ அடிச்சிருக்காங்க. அப்புறம் எங்களுக்குப் போட்டாங்க, நாங்களும் அடிச்சோம். ஒன்னரை மணி வரைக்கும் பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்ட்டுட்டாங்க."

முகுந்தன்தான் பேசினான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "அப்ப இன்னிக்கும் ஊசி உண்டு" என்றான்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

அ) சர்மிளா ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் எறிந்துவிட்டு மழையில் இறங்கி நடக்கிறாள். [அன்று மழை இல்லை. அவள் ராஜினாமாவும் செய்யவில்லை. அவள் போய்விட்டால் அலையைத் தூக்குவது யார்?]

ஆ) லெட்சுமி அவளைக் கன்னத்தில் அறைகிறாள். [பத்திரிகையில் இதற்குப் படம் நன்றாகப் போடுவார்கள்.]

இ) கடைசி வரியில் ஜன்னலோரம் கைப்பேசி மறுபடி அடிக்கிறது. [இதுதான் எனக்கு நன்றாக வரும். முப்பது வருடமாக இதைத்தான் செய்தேன். ஆனால் அது அடிக்கவில்லை. இன்றுவரை அடிக்கவில்லை. முகுந்தன் பட்டியலில் இருக்கிறான்.]

நடந்தது இவ்வளவுதான். லெட்சுமி டவுனில் கைப்பேசிக் கடைக்காரரைப் பிடித்து ஒரு புகார் போட்டாள். சர்மிளாவின் திரையில் அது ஒரே வரி: தோட்டம், லைன் இல்லை, ஒரு வாடிக்கையாளர். அந்த 'லைன்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் இஸ்கந்தரைக் கூப்பிட்டாள். காவலாளி சொன்ன லைன் எது என்பதை அவன் மென்று விழுங்கிச் சொன்னான். அன்று பிற்பகலே அலையை மூன்று டிகிரி மேலே தூக்கினாள். தோட்டத்து ஜன்னலில் அந்த ஒரு கோடு திரும்பி வந்தது; தாமானில் வேகம் பாதியாகக் குறைந்தது. ஆபீசில் ஏன் என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாள். பிறகு நேரில் சொல்ல வேண்டும் என்றாள்.

"அண்ணே, நீங்களும் வாங்க" என்றான் இஸ்கந்தர். "மிஸ்க்கு சும்மா பேசத் தமிழ் வரும். இதச் சொல்ல வராது. மறுபடியும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரப்போவுது."

இந்தத் தடவை மேனேஜர் கடிதம் இருந்தது. கணேஸ்வரன் கட்டையைத் தூக்கினார்.

சர்மிளா பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். வார்த்தை நின்ற இடத்திலெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேன். தான் லைன் என்று கேட்டது எதை, காவலாளி லைன் என்று சொன்னது எதை, அதற்குப் பிறகு தான் செய்தது என்ன. ஒன்றையும் சுருக்கவில்லை.

முகுந்தன் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும் மட்டும் சிரித்தான். "கணேசண்ணன் சொன்னது நெசந்தானே மிஸி! லைன எடுத்துட்டாங்கதானே!"

லெட்சுமி சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்குறேன். எங்களுக்கு வராமப் போனதுல வேற யாருக்காச்சும் நல்லா வந்துச்சா?"

"வந்தது" என்றாள் சர்மிளா. "நானூறு வீட்டுக்கு."

"செரி."

அதில் ஒரு வீட்டுக்காரன் அவள் போட்ட வரக்கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தான். "சீனி சரியா இருக்கு" என்றான். நான் அன்று சொந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

கிளம்பும்போது லெட்சுமி என்னிடம் வந்தாள். "நீங்க என்னா வேலை செய்றீங்க சார்?"

"கதை எழுதுறேம்மா."

"பேப்பர்ல வருமா?"

"வரும்."

"அந்தக் கிட்னி யாருக்குப் போச்சுன்னு கேட்டேன். பேரு சொல்ல மாட்டாங்களாம். அது சட்டமாம். நீங்க எழுதுங்க. அவங்க படிச்சாலும் படிப்பாங்க."

"என்னன்னு எழுத?"

"வேற ஒண்ணும் வேணாம். நல்லா ஒண்ணுக்குப் போவுதான்னு மட்டும் கேளுங்க."

"ஏய், பெரிய மனுசன்கிட்ட கேக்குற கேள்வியா இது!" என்று உள்ளேயிருந்து முகுந்தன் கத்தினான்.

"கேக்கட்டும். ஒம்போது வருசமா எங்க வீட்ல அந்தச் சத்தமே இல்ல."

8

ஜோக்காக வந்த கதை என்று தொடக்கத்தில் சொன்னேன். லெட்சுமி ஒரு கேள்வியோடு அனுப்பிவைத்த கதை என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இதை முடிக்க வேண்டியவர் நான் இல்லை. அந்தப் புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு உங்கள் கைப்பேசி அடித்து, நீங்கள் உடனே எடுத்தீர்களா? எடுத்தது சரி. அதற்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரே ஒரு சொல். லெட்சுமி கேட்டதற்கு ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். நானே கொண்டுபோய் லெட்சுமியிடம் சொல்கிறேன். நல்ல சேதி கையில் இருந்தால், அந்தப் புகாரை எழுதியவன் நான்தான் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட எனக்குத் தைரியம் வரலாம்.

இல்லை என்றால்